ஒரு ஜோடிக் கையுறை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஆண்டு மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி மலர்க் குழுப் பேராசிரியர் என்னிடம் கேட்டபோது, வெற்றிக் கதை ஒன்றை அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். 2024ஆம் ஆண்டு நம் கல்லூரிக் கால்பந்துக் குழு மண்டல இறுதிப் போட்டி வரை சென்றதையும், அங்கே ஒரு கோலில் தோற்றுத் திரும்பியதையும் நண்பர்கள் அறிவீர்கள். அந்தத் தோல்வியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்த ஆட்டத்தில் நான் ஆடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தவன் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது, சற்றுப் பொறுமையுடன் படியுங்கள்.

நான் மரக்காணத்துக்காரன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் கண்ணில் படுவதற்கு முன் உப்புதான் கண்ணில் படும். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாக எங்கள் ஊர் உப்பளத்தைத்தான் சொல்வார்கள். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பாத்தியும் வரப்புமாகக் கிடக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் ஊரே என்று ஆய்வாளர்கள் கருதுவதாகத் தமிழ்ப் பேராசிரியர் வகுப்பில் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தது உண்மை. ஆனால் எயிற்பட்டினத்துப் பெருமையால் எங்கள் வீட்டில் உலை கொதித்ததில்லை. தை பிறந்தால் அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் இறங்குவார்கள். புரட்டாசி வரை அதுதான் வேலை. மழை தொடங்கிவிட்டால் சவுக்கு வெட்டப் போவார்கள். பிளஸ் டூ முடித்த பின் நானும் ஓராண்டு உப்பு வாரினேன். ஆகவேதான் இருபது வயதாகியும் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான்தான் என்பதால், அந்த ஓராண்டை யாரும் தாமதம் என்று சொல்லவில்லை. அவர்கள் பார்வையில் நான் சீக்கிரமாகவே வந்து சேர்ந்துவிட்டேன்.

நான் கோல் கீப்பர் ஆனதற்கு வீரம் ஒன்றும் காரணமில்லை. கோடையில் கழிவெளி ஏரி வற்றும். காய்ந்த தரையில் சவுக்குக் கம்பு இரண்டை நட்டால் கோல். உப்பு நீரில் ஓராண்டு நின்றதில் என் பாதம் இரண்டும் வெடித்திருந்தன. ஓடினால் இரத்தம் வரும். "ஓட முடியலன்னா அங்க போய் நில்லுடா" என்றார்கள். நின்றேன். நின்று நின்று பழகியதில், தாழ்வாக வரும் பந்து எங்கே வரும் என்பது எப்படியோ எனக்குத் தெரிந்துபோயிற்று. ஏரித் தரையில் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது. அங்கே பழகியவனுக்குக் கல்லூரி மைதானம் சிமெண்டுத் தரை மாதிரி. ஆனால் என் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். அதற்கு மேல் வளரவில்லை.

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே கால்பந்துக் குழுத் தேர்வுக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே ஒரு கோல் கீப்பர் இருந்தார். மூன்றாம் ஆண்டு வரலாறு. எங்கள் ஊருக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவர். நான் வரும் அதே பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி ஏறுவார். பெயர் வேண்டாம், அச்சில் வந்தால் அவருக்குக் கூச்சமாக இருக்கும். நாங்கள் அண்ணா என்றுதான் அழைப்போம். ஆறடி உயரம். சிறு வயதிலிருந்து வலை இழுத்த கைகள். கார்னரில் இருந்து பந்து உயரமாக வந்தால், மற்றவர்கள் தலையால் எம்பிக் கொண்டிருக்கும்போது அவர் கை மட்டும் மேலே போகும். பந்து அவர் கையில் விழும்போது சத்தமே கேட்காது. என் கையில் விழுந்தால் 'டப்' என்று கேட்கும். இந்த ஒன்றிலேயே எங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாடு அடங்கிவிடும். ஆனால் தரையோடு வரும் பந்துக்கு அவர் குனிந்து சேர்வதற்குள் நான் இரண்டு முறை விழுந்து எழுந்துவிடுவேன். இதை அவரே எல்லோரிடமும் சொல்வார்.

குழுவில் கையுறை ஒரே ஒரு ஜோடி. உள்ளங்கை ரப்பர் பாதி உரிந்தது; வலது கைப் பட்டை ஒட்டாது; துணி நாடா வைத்துக் கட்டுவோம். அவர் கை அளவுக்கு வாங்கியது. என் விரல் நுனிக்கு மேல் ஓர் அங்குலம் காலியாக இருக்கும். பயிற்சியின்போது அரை மணி அவர் போட்டுக்கொள்வார்; பிறகு கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பி, உதறி, எனக்குக் கொடுப்பார். அவர் வியர்வையின் சூடு அதில் இருக்கும். மாதம் ஒருமுறை அதைத் துவைக்க வீட்டுக்கு எடுத்துப் போவது என் வேலை. "நல்ல தண்ணியில தொவைடா. உப்புத் தண்ணி பட்டா ரப்பர் போயிடும்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். உப்பளத்துக்காரனுக்கு உப்பைப் பற்றிப் பாடம் சொல்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வரும்.

அண்ணாதான் முதல் கீப்பர் என்பதில் எனக்கு அப்போது வருத்தமே இல்லை. வருத்தம் வருவதற்குக் கொஞ்சம் ருசி கண்டிருக்க வேண்டும். அந்த ருசி அவருக்குக் காய்ச்சல் வந்தபோது வந்தது.

மண்டலப் போட்டி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன் அவர் படுத்துவிட்டார். வைரஸ் காய்ச்சல் என்றார்கள். முதல் ஆட்டம், கால் இறுதி, அரை இறுதி மூன்றுக்கும் நான் நின்றேன். மூன்று ஆட்டங்களில் என்னைத் தாண்டியது ஒரே பந்து. அரை இறுதியில் பெனால்டி முறையில் முடிவு செய்ய வேண்டி வந்தது. அதில் இரண்டைத் தடுத்தேன். பையன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். யாரோ கைப்பேசியில் படம் எடுத்து அனுப்ப, அப்பா அதை உப்பு வாரும் எல்லோரிடமும் காட்டினாராம். அப்பாவுக்கு ஆட்டம் புரியாது. "எதுக்குடா ஒன்னத் தூக்குறாங்க? அடிபட்டுதா?" என்றுதான் முதலில் கேட்டார்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய மாலை அண்ணா வந்துவிட்டார். கன்னம் ஒட்டியிருந்தது. காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பி.டி. சார் எங்கள் இருவரையும் உடற்கல்வி அறைக்கு அழைத்தார். ஒருவரைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டு மற்றவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் நினைக்கவில்லை. அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்; அன்று மதிக்கவில்லை.

"நாளைக்கு அண்ணன் நிக்கட்டும்" என்றார் சார். "அவங்க ஃபார்வர்டு ஆறடிக்கு மேல. கார்னர்லதான் அவங்க கோல் எல்லாம் வந்திருக்கு. நீ நல்லா ஆடுனே. அதுல சந்தேகம் இல்ல. ஆனா நாளைக்கு எனக்கு உயரம் வேணும். 1962-ல ரஹீம் சார் செஞ்சதும் இதுதான்."

ரஹீம் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. யாராக இருந்தாலும் அவர் மீது அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட வெறுப்பைச் சொல்லி மாளாது. அண்ணா ஒன்றும் பேசவில்லை. மேசை மேல் இருந்த கையுறையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கடைசியில் சாரே எடுத்துப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் ஆட்டம் தொடங்கும் முன் அண்ணா என்னிடம் வந்து வலது கையை நீட்டினார். காய்ச்சல் விட்ட உடம்பு, விரல் நடுங்கியது. "நாடாவ இறுக்கிக் கட்டுடா தம்பி" என்றார். கட்டினேன். ஒழுங்காகத்தான் கட்டினேன். அந்த நாளைப் பற்றி நிமிர்ந்து சொல்லிக்கொள்ள என்னிடம் இருப்பது அந்த முடிச்சு ஒன்றுதான்.

ஆட்டத்தை விவரிக்கப் போவதில்லை. சார் சொன்னபடியே கார்னர் மேல் கார்னர் வந்தது. அண்ணா எடுத்துக்கொண்டே இருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து, அவர் எடுக்கும் ஒவ்வொரு பந்துக்கும் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினேன். இரண்டாம் பாதியின் நடுவில், பெனால்டி எல்லைக்கு வெளியே இருந்து ஒருவன் இடப்பக்கமாக, தரையோடு, அவ்வளவு வேகமில்லாமல் ஒரு பந்தை அடித்தான். அவன் காலைத் தூக்கும்போதே அது எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் உடம்பு பெஞ்சிலேயே இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த அதே நொடியில், 'போகட்டும்' என்று மனம் சொல்லிற்று. போயிற்று. வலை அசைந்தபோது எனக்கு உண்டானது துக்கம் அன்று, மகிழ்ச்சி. ஒரு நொடிக்கு மேல் அது நிற்கவில்லை. ஆனால் அது மகிழ்ச்சிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் கல்லூரி தோற்பதைக் கண்டு, என் அண்ணா மண்ணில் கிடப்பதைக் கண்டு, நான் மகிழ்ந்தேன்.

சார் என் பக்கம் திரும்பி "தயாராகு" என்றார். எழுந்து குதித்து உடம்பைச் சூடாக்கினேன். பிறகு அவர் மனம் மாறிற்று. கோல் போட ஆள் வேண்டும் என்று ஒரு ஃபார்வர்டை இறக்கினார். நான் மறுபடி உட்கார்ந்தேன். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது.

திரும்பும் வண்டியில் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "நீ நின்னிருந்தா அத கண்ண மூடிக்கிட்டுப் புடிச்சிருப்ப" என்றான் ஒருவன். நான் மறுக்கவில்லை. அந்தப் பேச்சு இனித்தது. அண்ணா முன் இருக்கையில் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், ஆட்டத்தில் என்னை இறக்கவில்லை, பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"ஒக்காந்திருந்தவங்களுக்கும் அந்த சட்டை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கம்மா."

"சோறு?"

"போட்டாங்க."

"அப்புறம் என்னடா?" என்று கேட்டுவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். வெயிலில் குனிந்து நிற்காமல் ஒருவனுக்குச் சட்டையும் சோறும் கிடைத்ததில் என்ன குறை என்பது அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

ரஹீமைப் பற்றிப் பிறகுதான் தேடிப் படித்தேன். சையது அப்துல் ரஹீம், ஐதராபாத்காரர், இந்தியக் கால்பந்துக் குழுவின் பயிற்சியாளர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் வரை சென்றது அவர் காலத்தில்தான். 2024-இல் வெளிவந்த 'மைதான்' என்ற இந்திப் படம் அவர் கதைதான். விடுதி மாணவர்கள் சிலர் கைப்பேசியில் பார்த்திருக்கிறார்கள். 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவரிடம் இரண்டு கோல் கீப்பர்கள் இருந்தார்கள். ஒருவர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்த தமிழர். இராணுவத்தில் சேர்ந்து, வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் குழுவுக்கு ஆடியவர். முதலில் முன்கள ஆட்டக்காரராக இருந்து பிறகு கோலுக்கு வந்தவர். அந்தக் குழு 1955-இலும் 1958-இலும் டூரண்டு கோப்பையை வென்றது. நெடிய மனிதர். இன்னொருவர் வங்காளத்தைச் சேர்ந்த பிரத்யுத் பர்மன்.

ஜகார்த்தாவில் தங்கராஜுக்குக் காய்ச்சல் கண்டது. பர்மன் நின்றார். அரை இறுதியில் தென் வியட்நாமை மூன்றுக்கு இரண்டு என்று இந்தியா வென்றபோதும் கோலில் நின்றவர் பர்மன்தான். இறுதி ஆட்டம் தென் கொரியாவோடு. அதே தென் கொரியா தொடக்க ஆட்டத்தில் இந்தியாவை இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்திருந்தது. ரஹீம் பர்மனை உட்கார வைத்துவிட்டுத் தங்கராஜை இறக்கினார். உயரமும் அனுபவமும் வேண்டும் என்பது அவர் கணக்கு. அன்று அவர் எடுத்த துணிவு அது ஒன்றுதான் என்று எண்ண வேண்டாம். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை அரை இறுதியிலேயே முன்களத்துக்குக் கொண்டுபோயிருந்தார். இறுதியிலும் அங்கேயே வைத்தார். ஜர்னைல் சிங் தலையாலேயே ஒரு கோல் போட்டார். பி.கே. பானர்ஜி இன்னொன்று. அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட, செப்டம்பர் 4-ஆம் நாள் இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா தங்கம் வென்றது. அதன் பின் இன்று வரை ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கம் இல்லை. ரஹீம் அப்போதே நோயாளி. 1963 ஜூனில் புற்றுநோயால் காலமானார்.

நூலகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கையில், எல்லோரும் தங்கராஜைப் பற்றியும் ரஹீமைப் பற்றியும் எழுதியிருப்பதைக் கண்டேன். நான் தேடியது பர்மனை. அன்று அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? இடையில் ஆளை மாற்றும் வழக்கம் உலகக் கோப்பைக்கு வந்ததே 1970-இல்தான். எனக்குக் கிடைத்த 'தயாராகு' என்ற ஒரு சொல் கூட அன்று அவருக்குக் கிடைத்திருக்காது. கொரியா கடைசி நிமிடங்களில் ஒரு கோல் போட்டதே, அந்தப் பந்து தங்கராஜைத் தாண்டி உள்ளே போனபோது பர்மனுக்குள் என்ன நடந்தது? ஒன்றுமே நடக்காமல் இருந்திருக்கலாம். அவர் என்னைவிட நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் நான் படித்த எதிலும் யாரும் அவரிடம் அதைக் கேட்டதாகக் காணோம்.

இன்னொன்றும் படித்தேன். 2014 உலகக் கோப்பைக் கால் இறுதி. நெதர்லாந்துக்கும் கோஸ்டா ரிகாவுக்கும் ஆட்டம். நூற்றிருபது நிமிடமும் கோலின்றிப் போக, பெனால்டிக்குச் சற்று முன் பயிற்சியாளர் லூயிஸ் வான் ஹால் தன் கீப்பர் சிலசனை வெளியே அழைத்து, டிம் குருல் என்ற நெடிய மாற்று கீப்பரை உள்ளே அனுப்பினார். குருல் இரண்டைத் தடுத்தார், நெதர்லாந்து வென்றது. இப்படிச் செய்யப் போவதைக் குருலிடம் முன்பே சொல்லியிருந்தார்கள், சிலசனிடம் சொல்லவில்லை. வெளியே வந்த சிலசன் ஒரு தண்ணீர்ப் புட்டியை எட்டி உதைத்தார்; பிறகு வருத்தம் தெரிவித்தார். அதைக் காணொளியில் பத்து முறையாவது பார்த்திருப்பேன். அந்தப் புட்டியை நானே உதைத்தது போல இருந்தது. அடுத்த ஆட்டம் அர்ஜெண்டினாவோடு, அதிலும் பெனால்டி. மாற்று ஆட்டக்காரர்களை எல்லாம் முன்னதாகவே இறக்கிவிட்டதால் குருலை இறக்க வழியில்லை. சிலசன் நின்றார், ஒன்றையும் தடுக்கவில்லை, நெதர்லாந்து தோற்றது. முதல் நாள் மேதை என்று புகழப்பட்டவர் நான்காம் நாள் எப்படிப் பேசப்பட்டிருப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேதியியல் ஆய்வகத்தில் ஒரே கரைசலை மூன்று முறை தரம் பார்க்கிறோம். ஒன்றோடொன்று ஒத்து வந்தால்தான் ஏட்டில் எழுத விடுவார்கள். இறுதி ஆட்டத்தை ஒரு முறைதான் ஊற்ற முடிகிறது. நான் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற மற்றொரு குவளை உலகத்தில் எங்கும் இல்லை. இது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆறு வாரம் அந்த இடப்பக்கப் பந்தை நான் ஒவ்வொரு இரவும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பி.டி. சாரிடமே கேட்டுவிட்டேன். "சார், அந்தப் பந்து தாழ்வாத்தானே வந்தது?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமா, தாழ்வாத்தான் வந்தது. கார்னர் எத்தன வந்ததுன்னு எண்ணுனியா?"

எண்ணவில்லை.

"பதினொண்ணு. பதினொண்ணும் அவன் கையில. அத யாரும் வந்து என்கிட்ட கேக்கல. போன ஒண்ணத்தான் கேக்குறாங்க." சிறிது நேரம் கழித்து, "தப்பா முடிவு பண்ணிட்டனோன்னு எனக்கும் ராத்திரி தோணும்டா. காலையில எழுந்தா சரின்னு தோணும்" என்றார். ஒரு பேராசிரியர் மாணவனிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

நவம்பர் முடிவில் ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு புதுச்சேரியருகே அது கரை கடந்ததையும், நம் மாவட்டம் பட்ட பாட்டையும் நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்த மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கும். எங்கள் உப்பளத்தில் பாத்தி எது, வரப்பு எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. விற்காமல் குவித்துக் கீற்றுப் போட்டு மூடியிருந்த உப்பு கரைந்து போய்விட்டது. வானத்துத் தண்ணீரில் உப்பு கரைவதைத் தடுக்க எந்த வேதியியலும் இல்லை. மூன்றாம் நாள் நானும் அப்பாவும் இடுப்பளவு தண்ணீரில், உடைந்த வரப்பில் மண் மூட்டை போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணா வந்தார். படகுகள் கடலுக்குப் போக முடியாத நேரம். "சும்மாத்தான் இருக்கேன்" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

மதியம் வரை மூட்டை தூக்கினோம். அவர் தூக்கிக் கொடுப்பார்; நான் குனிந்து அடுக்குவேன். உயரமானவர் மேலே, குட்டையானவன் கீழே என்று அந்த வேலையை எங்களுக்குள் பிரித்துக்கொள்ள யாரும் தேவைப்படவில்லை. வரப்பின் மேல் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது சொல்லிவிட்டேன். "அண்ணா, ஃபைனல்ல அந்தக் கோல் விழுந்தப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

அவர் கஞ்சியைக் குடித்து முடித்தார். தூக்குச் சட்டியைக் கழுவி வைத்தார். என் உயிர் என்னிடம் இல்லை.

"செமிஃபைனல் அன்னிக்கு நான் காய்ச்சல்ல படுத்துக்கிட்டிருந்தேன்ல?" என்றார். "பெனால்டின்னு ஒருத்தன் போன் பண்ணிச் சொன்னான். ரெண்டு தடுத்துட்டேன்னு சொன்னான். போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன். நீங்க தோத்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு நெனச்சேன்டா. நான் இல்லாம ஜெயிக்கிறீங்களேன்னு இருந்துச்சு."

"அப்புறம் ஏன்ணா ஃபைனலுக்கு வந்தீங்க? ஒடம்பு சரியில்லன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றார். "ஒனக்கு விட்டுக் குடுத்திருக்கலாம். எனக்குக் கடைசி வருஷம்டா." பிறகு சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அப்பா தூரத்திலிருந்து, "என்னடா அங்க சிரிப்பு, உப்பு கரஞ்சு போனதுக்கா?" என்று சத்தம் போட்டார்.

அண்ணா பட்டம் பெற்றுவிட்டார். இப்போது படகுக்குப் போய்க்கொண்டே காவலர் தேர்வுக்குப் படிக்கிறார். உயரம் அங்கே அவருக்கு உதவும் என்று நினைக்கிறேன். போகும்போது கையுறையை என்னிடம் கொடுத்தார். அது கல்லூரியின் சொத்து என்பதால் 'கொடுத்தார்' என்று சொல்வதும் முறையன்று. கடைசி முறையாக உள்பக்கத்தைத் திருப்பி, உதறி, கொடுத்தார்.

இந்த ஆண்டு செஞ்சிப் பக்கத்திலிருந்து முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் வந்து சேர்ந்திருக்கிறான். உயரமும் இருக்கிறது, தாழ்வான பந்துக்கும் விழுகிறான். முதல் நாள் பயிற்சியிலேயே அவனைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. பி.டி. சார் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றி ஆட வைத்தார். மண்டலக் கால் இறுதியில் என்னை நிற்கச் சொன்னார். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

முதல் பாதியிலேயே ஒரு பந்து என் கைக்கு மேலே போய் விழுந்தது. கார்னர்தான். மண்ணிலிருந்து எழுந்தபோது ஏனோ பந்தைப் பார்க்காமல், பையன்களைப் பார்க்காமல், பெஞ்சைப் பார்த்தேன். அவன் முகம் ஒரு நொடி தெரிந்தது. உடனே குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தான். நாடா அவிழ்ந்திருக்கவில்லை என்பது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது.

அந்த ஆட்டத்தில் தோற்றோம். திரும்பும் வண்டியில் அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. திண்டிவனம் நெருங்கும்போது, "அண்ணா, இந்த மாசம் கையுறைய நான் தொவச்சு எடுத்துக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

பையிலிருந்து எடுத்து, உள்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நல்ல தண்ணீரில் துவைக்கச் சொன்னேன்.